பின்கட்டு மரம் எங்கே போனது: ஒரு வீட்டின் கழிவுமரக் கணக்கு

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இருந்த எங்கள் தாத்தா வீட்டின் பின்கட்டில் ஒரு தென்னை சாய்ந்தது. நாட்டு ஓடு வேய்ந்த கூரை. பனங்கை (கூரையைத் தாங்கும் பனைக் கைமரம்) நாலைந்து முறிந்து, வரிச்சு தொங்கி, அடுப்படிக்குள் வானம் தெரிந்தது. முன்கட்டு தப்பித்தது. யார் சரி செய்வது, யார் பங்கு எவ்வளவு என்று பேசிக்கொண்டே மூன்று மழைக்காலம் போனது. அதற்குள் முன்கட்டும் இறங்கத் தொடங்கியதால் 2022 சித்திரையில் இடித்துவிடலாம் என்று முடிவானது.

பழைய வீடு இடிப்பவர்கள் கூலி வாங்குவதில்லை, நமக்குத்தான் காசு தருவார்கள். தூண், நிலை, வாசக்கால், உத்தரம், கனத்த கதவு எல்லாம் அவர்களுக்குப் போகும். இங்கிருந்து காரைக்குடி வரைக்கும் பழைய மரத்துக்கு வாங்க ஆள் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் நல்ல மரம் முழுக்க அப்படித்தான் போனது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இருபதுக்கு முப்பது அடி மனையில் கட்டிய என் திருச்சி வீட்டில் ஒன்பதடித் தேக்குத் தூணை எங்கே நிறுத்துவது?

இந்தக் கணக்கு அவர்கள் வேண்டாம் என்று விட்டுப் போனதைப் பற்றியது. அதை ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுவந்தேன். இரண்டு வருடம் கழித்து இப்போது எழுதுகிறேன். எது சாமானானது, எது விறகானது, எது இன்னும் கழுத்தில் தொங்குகிறது என்று சொல்ல அவ்வளவு காலம் தேவைப்பட்டது. செய்து முடித்த அன்றைக்கு எல்லா மரச்சாமானும் நன்றாகத்தான் இருக்கும்.

வந்து இறங்கியது

பனங்கைத் துண்டு பதினான்கு, நாலடியிலிருந்து ஏழடி வரை. தேக்கு உத்தரங்களின் நுனிக்கட்டை ஒன்பது. சுவருக்குள் புதைந்திருந்த நுனி ஈரம் இழுத்து மக்கிப்போயிருக்கும். வியாபாரி ஏற்றும்போதே ஒன்றரை, இரண்டடி அறுத்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். பலாப் பலகை மூன்று, வேப்பம் பலகை இரண்டு, மாம்பலகை நான்கு. சீமை ஓட்டுக்கு அடித்திருந்த ரீப்பர் இரண்டு கட்டு. பச்சைப் பெயிண்ட் அடித்த ஜன்னல் கதவு ஆறு. சித்தப்பா எப்போதோ வாங்கிய ஒரு பிளைவுட் அலமாரி, மழையில் நனைந்து வயிறு ஊதிய நிலையில். அத்தையின் அருவாமனைப் பலகை, இரும்பு இல்லாமல். இதோடு மச்சான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒதுக்கிய, சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் மரம் சேர்க்கிறேன் என்று கேள்விப்பட்டு அவராகவே கொண்டுவந்து போட்டார். மரம் சேர்க்கிறவன் என்று பெயர் வாங்கினால் இதுதான் கதி.

முதல் வாரம் நான் செய்தது ஃபோனில் படம் பார்த்ததுதான். சாவி மாட்டும் பலகை, மெழுகுவர்த்தித் தாங்கி, பேலட் சோபா. பிடித்ததையெல்லாம் குறித்துக்கொண்டு, தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியை அழைத்து வந்தேன். அறுபது தாண்டியவர். படங்களைப் பார்க்கவே இல்லை. குவியலைச் சுற்றி இரண்டு நடை நடந்து, ஒவ்வொன்றையும் காலால் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, மரத்தைப் பாத்துட்டு சாமான் முடிவு பண்ணணும். சாமானை முடிவு பண்ணிட்டு மரம் தேடுறது காசு இருக்கறவங்க வேலை."

"எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுண்ணே?"

"இது எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க. கூரையிலயா, சுவத்துலயா, அடுப்பு மேலயா? அதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

இந்த ஒரு கேள்விதான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஒரு துண்டு மரம் போன பிறவியில் எங்கே இருந்தது என்று தெரிந்தால் அதற்குள் ஆணி இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா, புழு இருக்கிறதா என்பதில் பாதி தெரிந்துவிடும்.

பிரித்தது

இரண்டு நாள் பிரிப்பதற்கே போனது. நான்கு குவியல் போட்டோம்: பெயிண்ட் படாத கட்டைமரம், பனை, பெயிண்ட் பட்டது, பசை போட்டு ஒட்டியது.

கட்டைமரத்தில் முதலில் பார்த்தது உளுப்பு. கரையான் தின்ற மரம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மண் ஒட்டியிருக்கும், உள்ளே அடுக்கடுக்காகக் குடைந்திருக்கும். துளைக்கும் வண்டு அப்படியில்லை. வெளியே குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டை மட்டும் தெரியும், உள்ளே மாவாகிப் போயிருக்கும். ஓட்டை இருப்பதாலேயே புழு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது இருபது வருடத்துக்கு முன் வண்டு வெளியேறிய வாசலாகவும் இருக்கலாம். ஆசாரி சொன்ன வழி எளிது. சந்தேகப்பட்ட பலகைகளைத் தட்டித் துடைத்து, கறுப்புத் துணி விரித்து அதன்மேல் ஒரு வாரம் வைத்தோம். புதிதாக மாவு விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

மாம்பலகை நான்கில் மூன்றின் கீழே மாவு விழுந்தது. பலாவில் ஓரத்து வெள்ளையில் மட்டும் கொஞ்சம். தேக்குக் கட்டைகளில் எதுவுமே இல்லை. இதற்குக் காரணம் உண்டு. வண்டுப் புழுவுக்கு வேண்டியது மரத்தின் மாவுச்சத்து, அது இருப்பது வெளிப்பக்கத்து வெள்ளையில். சேகு ஏறிய நடுமரத்தில் அதற்குச் சாப்பாடு இல்லை, தேக்கின் சேகில் பூச்சிக்கு ஆகாத எண்ணெய்ச் சத்தும் இருக்கிறது. மாமரம் கிட்டத்தட்ட முழுக்க விருந்து.

பலாவின் ஓரத்தை அறுத்துத் தள்ளிவிட்டு, மிச்சத்துக்கு வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கலந்த கரைசல் கொடுத்தோம். வெங்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். போரிக் அமிலம் கேரம் போர்டில் தூவும் பவுடர்தான், கலப்பில்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு வெங்காரம் 30 கிராம், போரிக் அமிலம் 20 கிராம். சூடாக இருக்கும்போதே பிரஷ்ஷால் மூன்று முறை பூசி, ஓட்டை உள்ள இடத்தில் ஊசிக்குழாயால் ஏற்றி, நிழலில் காயவிட்டோம். கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைகளை அண்டவிடாமல் செய்ய வேண்டிய வேலை. கரைசல் தண்ணீரில் கரைந்து போய்விடும் என்பதால் வெளியே மழையில் நிற்கப்போகும் சாமானுக்கு இது உதவாது.

தேக்குக் கட்டையிலும் கைமரங்களிலும் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. நான் அடுப்புப் புகை என்று நினைத்தேன். அம்மாதான் சொன்னாள், "முந்திரி எண்ணெய்டா. தாத்தா வருஷா வருஷம் அடிப்பாரு." முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் கரையானுக்கு நல்ல காவல். ஆனால் பச்சையாகப் பட்டால் தோலைப் புண்ணாக்கிவிடும், தோட்டை உடைப்பவர்களின் கைகளைப் பார்த்தால் தெரியும். பல வருடம் காய்ந்தது என்றாலும் அதை உப்புத்தாள் போட்டுத் தூளாக்கி மூக்கில் ஏற்றிக்கொள்ள மனம் வரவில்லை. இழைப்புளியால் சுருளாகவே எடுத்தோம். இந்த மரம் எதுவும் அடுப்படிக்குள் போகக்கூடாது என்றும் அன்றே முடிவு செய்தோம்.

பேலட்டில் முத்திரையைத் தேடினேன். நாடு விட்டு நாடு போகும் பேலட், பெட்டிகளில் கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது, பூச்சிக்காக வெப்பம் மட்டும் கொடுத்தது என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. நான் எம்.பி. முத்திரையைத் தொடுவதில்லை. எங்களுக்கு வந்த இரண்டில் ஒன்றில் எச்.டி. இருந்தது. இன்னொன்றில் முத்திரையே இல்லை, ஏதோ எண்ணெய் கொட்டிய கறை மட்டும் இருந்தது. அது என்ன எண்ணெய் என்று மச்சானுக்கும் தெரியவில்லை. வந்த வழியே அனுப்பிவிட்டேன்.

பச்சைக் கதவில் நான் செய்த தவறு

ஜன்னல் கதவுகள் பார்க்க அழகு. பச்சைப் பெயிண்டின் கீழே ஒரு மஞ்சள், அதன் கீழே இன்னொரு பச்சை. மூன்று தலைமுறைப் பொங்கல். அடியில் என்ன மரம் என்று பார்க்கும் ஆசையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முன்வராந்தாவில் உட்கார்ந்து உப்புத்தாள் போட ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் வராந்தா முழுக்கப் பச்சைத் தூள். பக்கத்தில் தங்கை மகள் அந்தத் தூளில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எண்ணெய்ப் பெயிண்ட் எதையும் ஈயம் உள்ளதாகவே எடுத்துக்கொள்வது நல்லது. அதிலும் மஞ்சளும் பச்சையும் கூடுதல் சந்தேகத்துக்குரியவை, ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியை வைத்துத்தான் பழைய காலத்தில் இரண்டு நிறமும் செய்தார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவுக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதில் இல்லை.

குழந்தையைக் குளிப்பாட்டி, துணியை மாற்றி, வராந்தாவை ஈரத்துணியால் துடைத்தோம். விளக்குமாறு போட்டிருந்தால் தூள் இன்னும் பரவியிருக்கும். துடைத்த துணிகளைப் பையில் கட்டி ஒதுக்கினோம். மருத்துவர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனையில் கவலைப்படும்படி ஒன்றும் வரவில்லை. ஆனால் தங்கை என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை, அவள் பக்கம்தான் நியாயம்.

பழைய பெயிண்டை எடுத்தே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்ட வேண்டும், முகமூடி போட வேண்டும், சுரண்டியதைச் சேர்த்து எடுக்க வேண்டும். சூட்டுத் துப்பாக்கியால் உருக்குவது ஆகாது, எரிப்பது அதைவிட ஆகாது. கதவுகளை அப்படியே தார்ப்பாயில் சுருட்டிக் கட்டி வைத்தேன்.

பெஞ்ச்

சரி, உருப்படியாக வந்ததற்கு வருகிறேன்.

ஒன்பது தேக்குக் கட்டை. மக்கிய நுனியை அறுத்து எறிந்த பிறகு ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடி நீளம், ஐந்து அங்குலத்துக்கு நாலு அங்குலம் கனம். குட்டையும் குண்டுமான இதை வைத்து என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஆசாரி ஒரு கட்டையை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்புக் கட்டியால் மூன்று கோடு போட்டார். பலகையாக அறுத்தால் ஒன்றேகால் அடி நீளம், நாலங்குல அகலம். ஒரு பெஞ்சுக்கு உட்காரும் ஆழம் ஒன்றேகால் அடி போதும். அப்படியானால் பலகையை நீளவாக்கில் போடாமல் குறுக்கே அடுக்கலாம். பன்னிரண்டு பலகை அடுக்கினால் நாலடிப் பெஞ்ச். தாங்குவதற்கு நீளமான மரம் வேண்டும், அதுதான் பனங்கை இருக்கிறதே. குட்டை மரம் குறுக்கே, நெட்டை மரம் நெடுக்கே. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வாரம் ஃபோனைப் பார்த்ததில் இந்த யோசனை வரவில்லை.

அறுக்கத்தான் அலைய வேண்டியிருந்தது. முதலில் போன மரப்பட்டறையில் பழைய மரம் என்றதுமே கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆணி ஒன்று பட்டால் பட்டை ரம்பத்தின் பல் போய்விடும். இரண்டாவது பட்டறைக்காரர் சம்மதித்தார், ஒரே நிபந்தனை: "பிளேடு போனா உங்க கணக்கு."

வீட்டுக்கு வந்து பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்தேன். மரத்தின்மேல் அதை நூலில் தொங்கவிட்டு மெல்ல நகர்த்தினால் ஆணி உள்ள இடத்தில் இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத பதினோரு ஆணி கிடைத்தது. துருப்பிடித்த ஆணியைத் தலையைப் பிடித்து நேராக இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும், உடம்பு உள்ளே நின்றுவிடும். முனை எந்தப் பக்கம் வெளியே தெரிகிறதோ அந்தப் பக்கமிருந்து தட்டித் தலையைக் கொஞ்சம் எழுப்பி, பிறகு குறடுக்குக் கீழே ஒரு மரத்துண்டை அண்டை கொடுத்து நெம்ப வேண்டும். வராத ஆணியை முதலில் இன்னும் ஒரு தட்டு உள்ளே தட்டினால் துருப்பிடி விட்டு, அப்புறம் வரும். இதெல்லாம் ஆசாரியின் பேரன் சொல்லிக்கொடுத்தது. பன்னிரண்டு வயது.

அப்படியும் ஒரு ஆணி தப்பிவிட்டது. ஏழாவது கட்டையில் ரம்பம் கத்தியது. பல் தீட்டும் கூலியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் அறுத்த முகத்தைப் பார்த்தபோது அந்தக் காசு மறந்துபோனது. வெளியே கரி, உள்ளே தேன் நிறம், எண்ணெய் வாசனை அப்படியே. மொத்தம் இருபத்திரண்டு பலகை தேறியது.

பனை வேறு சாதி. அது தென்னை, மூங்கில் மாதிரி ஒருவித்திலைத் தாவரம். தேக்குக்கு உள்ளே வைரம், பனைக்கு வெளியே வைரம். வெளிப்பக்கம் கறுப்பு நார் நெருக்கமாக, இரும்பு மாதிரி இருக்கும். உள்ளே போகப் போக மென்மையாகிச் சோறாகிவிடும். அதனால் கைமரத்துக்கு முதிர்ந்த மரத்தின் வெளிப்பக்கத்தை மட்டும் எடுத்துச் சீவுவார்கள். அதில் ஆணி இறங்காது, வளையும். இழைப்புளி போட்டால் நார் கிளம்பிச் சிலாம்பு ஏறும். எனக்கு உள்ளங்கையில் ஏறிய ஒரு சிலாம்பு மூன்று நாள் சீழ் வைத்தது. ஆசாரி இழைக்கவே இல்லை, கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கினார். ஒவ்வொரு திருகாணிக்கும் முதலில் துரப்பணத்தால் ஓட்டை போட்டார். கால்கள் நான்கும் பனை. காலும் சட்டமும் சேரும் இடத்தில் கழுந்து வெட்டித் துளையில் இறக்கி, குறுக்கே ஒரு மூங்கில் ஆப்பு.

மேலே அடுக்கிய தேக்குப் பலகைகளுக்கு நடுவே ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயத்தின் கனம் அளவு இடைவெளி விட்டோம். மழைக்காலத்தில் மரம் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். இடம் விடாவிட்டால் ஒன்றையொன்று தள்ளும். பூச்சுக்கு ஆளி விதை எண்ணெய் மூன்று கை, மேலே தேன்மெழுகு. நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் இதற்கு ஆகாது. ஆளி விதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது, காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட்டு, பிறகுதான் எறிய வேண்டும்.

பெஞ்ச் வாசலில் கிடக்கிறது. இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. ஒரு கால் மட்டும் லேசாக ஆடுகிறது, ஆப்பைத் தட்டினால் சரியாகும். மிச்சமிருந்த பத்துப் பலகையில் ஒரு செருப்புத் தாங்கி.

மற்றவை

பலாப் பலகையில் இரண்டு மணை செய்தோம். பலா இழைக்க இழைக்க மஞ்சளாக வரும், நாள்பட நாள்பட தேன் நிறமாகும். தஞ்சாவூர் வீணையும் தவிலும் இந்த மரத்தில்தான் செய்கிறார்கள். எங்களுடையது வீணைக்குப் போதாது, உட்காருவதற்குப் போதும். அம்மாவுக்குத் தரையில் உட்கார முடியாது, நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆயப் பிடிக்காது. ஐந்து அங்குல உயர மணை அவளுக்குச் சரியாக அமைந்தது.

அருவாமனைப் பலகை எழுபது வருடம் காய்கறி பார்த்த பலகை. பெயிண்டோ எண்ணெய்ப் பூச்சோ கண்டதில்லை என்று அத்தைக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் அது ஒன்றுதான் அடுப்படிக்குத் திரும்பியது. இரும்பு இருந்த துளையை அறுத்துவிட்டு, இரண்டு பக்கமும் இழைத்தால் சின்ன வெட்டுப்பலகை. என்ன மரம் என்று கேட்டதற்கு ஆசாரி தூக்கிப் பார்த்துவிட்டு "புளி" என்றார். கறிக்கடைக் கட்டை இதில்தான் இருக்கும், வெட்டு வாங்கினாலும் சிம்பு கிளம்பாது.

மிச்சப் பனங்கை மாடியில் புடலைப் பந்தலானது. ரீப்பரில் பாதி அதற்குக் குறுக்குச் சட்டம். வேப்பம் பலகையில் ஒரு புத்தகத் தட்டு. எச்.டி. பேலட்டைப் பிரித்து செடித்தொட்டி வைக்கும் படிகளாக அடித்தேன். ஆசாரி இல்லாமல் நானே செய்தது, பார்த்தாலே தெரியும். பேலட்டைக் கடப்பாரை போட்டு நெம்பியதில் பாதிப் பலகை பிளந்தது. ஆணியை நடுவில் அறுத்துப் பிரித்திருக்க வேண்டும்.

மாம்பலகையில் மாவு விழாத ஒன்றை மட்டும் ஆசையோடு எடுத்து ஒரு தட்டு செய்தேன். நான்கு பக்கமும் சட்டம் வைத்து பெவிகால் போட்டு இறுக்கினேன். அகலவாக்கில் மரம் அசைய இடமே இல்லை. ஐப்பசி மழையில் உப்பிச் சட்டத்தைத் தள்ளியது, பங்குனியில் சுருங்கி நடுவே பிளந்தது. ஆடியில் அதன் கீழும் மாவு. கறுப்புத் துணிச் சோதனை ஒரு வாரத்துக்குத்தான் சாட்சி சொல்லும். புழு மரத்துக்குள் மாதக்கணக்கில், சில சமயம் வருடத்துக்கும் மேல் இருக்கும். அந்தத் தட்டைப் புத்தகத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. வேப்பம் பலகைக்குப் பரவவில்லை.

பிளைவுட் அலமாரியில் தேறியது குறைவு. சாதாரண பிளைவுட்டின் பசை தண்ணீர் தாங்காது, ஊதிப்போன பகுதி இனி எதற்கும் ஆகாது. நனையாத மேல்பகுதியிலிருந்து இரண்டு இழுப்பறைக்கு அடிப்பலகை எடுத்தோம். மிச்சத்தைக் குளியலறை வெந்நீர் அடுப்பில் வைக்கலாமே என்று அம்மா கேட்டாள். அந்தப் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, எரித்தால் புகை கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும். அது குப்பை வண்டிக்குத்தான் போனது. கழிவுமரத்தைக் குப்பைக்கு அனுப்புவது தோல்வி மாதிரித் தோன்றும். பிளைவுட் விஷயத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தூளும் சுருளும்

இதைப் பற்றி யாரும் படம் போடுவதில்லை. ஆனால் வந்த மரத்தில் நல்ல பங்கு தூளாகவும் சுருளாகவும் துண்டாகவும்தான் போனது.

அம்மா உடனே கேட்டது பழைய பிஸ்கட் டின். மரத்தூள் அடுப்பு. டின்னின் அடியில் பக்கவாட்டில் ஒரு வாய் வெட்டி, நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, வாய் வழியாக ஒரு குழவியைப் படுக்கவைத்து, சுற்றிலும் தூளைக் கெட்டியாக இடிக்க வேண்டும். பிறகு இரண்டையும் சுழற்றி உருவினால் தூளுக்கு நடுவே எல் வடிவத்தில் ஒரு புகைவழி நிற்கும். கீழே ஒரு சுள்ளியைப் பற்றவைத்தால் போதும், குழாயின் உட்சுவர் மட்டும் மெல்ல எரிந்துகொண்டே வரும். நன்றாக இடித்த டின் ஒரு காலை முழுக்கத் தாங்கும். தூள் தளர்வாக இருந்தால் சரிந்து அணைந்துவிடும், எனக்கு முதல் இரண்டு முறை அப்படித்தான் ஆனது. மாடியில் வைத்து நெல் அவித்த காலத்துக் கதைகளோடு வெந்நீர் போட்டாள். முந்திரி எண்ணெய் பட்ட மரத்தின் தூளை இதில் சேர்க்கவில்லை, வேம்பும் பலாவும் மட்டும். வீட்டுக்குள் வைக்கிற அடுப்பில்லை இது, புகை அதிகம்.

மிச்சத் தூளை நேராகச் செடித்தொட்டி மண்ணில் கலந்தேன். கத்தரி இரண்டு வாரத்தில் வெளிறியது. தூளில் கரிமம் அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு, விகிதம் பல நூறுக்கு ஒன்று. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், செடிக்கு இல்லாமல் போகும். அதன் பிறகு தூளைச் சாணத்தோடும் சமையலறைக் கழிவோடும் அடுக்கி ஆறேழு மாதம் விட்டுவிட்டுத்தான் போடுகிறேன். சுருளை மண்ணில் கலக்காமல் மேலே மட்டும் மூடாக்காகப் பரப்புகிறேன், வெயிலில் ஈரம் நிற்கிறது.

சாம்பல் புடலைக்கும் வாழைக்கும். பொட்டாசியத்தை நம் விவசாயத்தில் சாம்பல்சத்து என்று சொல்வது சும்மா இல்லை. ஆனால் அது காரம், ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போட்டால் மண் கெடும்.

காசு

வண்டி வாடகை 3,500. ஆசாரிக்கு ஆறு நாள் கூலி 7,200. அறுப்புக் கூலியும் ரம்பப் பல் தண்டமும் 1,400. திருகாணி, எண்ணெய், மெழுகு, வெங்காரம் எல்லாம் சேர்த்து 1,900. மொத்தம் பதினாலாயிரம். பெஞ்ச், செருப்புத் தாங்கி, இரண்டு மணை, ஒரு தட்டு, வெட்டுப்பலகை, பந்தல். தேக்குப் பெஞ்சைக் கடையில் வாங்கினால் அது ஒன்றே இந்தத் தொகையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பதால் நஷ்டம் இல்லை. லாபம் என்றும் சொல்ல மாட்டேன். என் சனி ஞாயிறுகளைக் கணக்கில் சேர்த்தால் சிரிப்பார்கள்.

மறுபடி செய்வதாக இருந்தால் மாம்பலகையையும் பிளைவுட்டையும் ஊரிலேயே விட்டுவிட்டு வருவேன், பச்சைக் கதவுகளைத் தொடவே மாட்டேன். தேக்கு நுனிகளையும் பனங்கையையும் மட்டும் ஏற்றியிருந்தால் வண்டியில் பாதி இடம் போதும், பலனில் முக்கால்வாசி கிடைத்திருக்கும். வியாபாரி வேண்டாம் என்று தள்ளியதில்தான் நல்ல மரம் இருந்தது. நான் ஆசைப்பட்டு எடுத்ததில் இல்லை.

அந்த ஆறு கதவும் படிக்கட்டுக்கு அடியில் தார்ப்பாய்க்குள் இருக்கின்றன. விற்றால் வாங்குபவர் சுரண்டுவார், விறகுக் கடைக்குக் கொடுத்தால் எரிப்பார்கள். குப்பை வண்டிக்காரரிடம் பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்று சொன்னேன். "போடுங்க சார், எல்லாம் ஒண்ணாத்தான் போகுது" என்றார். போடவில்லை. பெருக்கும்போதெல்லாம் அம்மா கேட்கிறாள், "இதை என்னடா பண்ணப்போற?"